பளபளக்கும் பழைய அம்பாஸிடர்... பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கு? ஒரு காந்தம் போதும், தெரிஞ்சுக்கலாம்!

தாத்தா வாங்கின அம்பாஸிடர் பல வருஷமா ஷெட்டுல நிக்குது. 'இதை ரெடி பண்ணி, என் கல்யாணத்துக்கு இதுலதான் போகணும்'னு உங்களுக்கு ஒரு ஆசை. இல்லைன்னா, ஆன்லைன்ல பளபளன்னு ஒரு பிரீமியர் பத்மினியைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிட்டீங்க. எதுவா இருந்தாலும் சரி, பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க. இன்ஜின் போனா வேற ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டிடலாம். பாடி போச்சுன்னா, காரே போன மாதிரிதான்.

காரணம் இருக்கு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி சில பழைய கார்களுக்குக் கீழே தனியா ஒரு சேஸி உண்டு. அம்பாஸிடருக்கும் பத்மினிக்கும் அது கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமா ஓடும் சில் பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் ஒண்ணா வெல்டு ஆகி, அதுவே காரைத் தாங்குது. அதனால சில்லுல துரு பிடிச்சா, அது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினதும் கதவு சரியா மூட மாட்டேங்குதா? உடம்பே தொய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

துருவை எங்கே தேடுறது? தண்ணியும் மண்ணும் தங்குற இடமெல்லாம். கதவோட அடிப்பக்கம், சக்கர வளைவின் உள்பக்கம், ஜாக்கி வைக்கிற இடம், பேட்டரிக்கு அடியில இருக்கிற தட்டு, கண்ணாடி ரப்பர் ஓரம், டிக்கி தரை. கடலோர ஊர் வண்டின்னா உப்புக்காத்தையும் கணக்குல சேர்த்துக்கோங்க. சென்னை வண்டின்னா, 2015 வெள்ளத்துல எங்கே நின்னுச்சுன்னு கூச்சப்படாம கேளுங்க.

இப்போ அந்தக் காந்தம். ஒரு மெல்லிய துணியில சுத்தி, பாடி மேல மெதுவா நகர்த்திக்கிட்டே வாங்க. இரும்புத் தகடு இருந்தா 'டப்'னு ஒட்டும். திடீர்னு பிடிமானம் விட்டா, அங்கே தடிமனா பட்டி அப்பியிருக்காங்க, இல்லைன்னா ஃபைபர் ஒட்டியிருக்காங்க. ஓட்டை மேல துண்டுத் தகரத்தை ரிவிட் அடிச்சு, பட்டி பூசி, பெயின்ட் அடிச்சு விக்கிறது ரொம்ப காலமா நடக்கிற வேலை. ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த மழையில பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பும். அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பார்க்கிறதும் நல்லது. ஆனா, விக்கிறவர்கிட்ட கேட்டுட்டுக் குத்துங்க!

பானெட், டிக்கி மூடி, கதவு, முன் ஃபெண்டர் எல்லாம் போல்ட்டுல கழட்டி மாட்டுறவை. இதுல தகராறு கம்மி. புதுப்பேட்டை மாதிரி இடங்கள்ல தேடினா பழைய ஒரிஜினலே கிடைக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம். அம்பாஸிடர் 1957-ல இருந்து 2014 வரைக்கும் வந்த கார். மார்க் 1 முகம் வேற, மார்க் 4 முகம் வேற. உங்க பழைய பேனலைக் கையோட கொண்டுபோய் பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்குங்க. புதுசா அடிச்ச டூப்ளிகேட் தகரத்தைவிட, லேசா நெளிஞ்ச பழைய ஒரிஜினல்தான் என்னோட சாய்ஸ். நெளிவை டிங்கர் எடுத்துடுவார். வளைவே தப்பா இருந்தா அவர் என்ன செய்வார், பாவம்?

தரையும் சில்லும்தான் உண்மையான ஆபரேஷன். இங்கே அவசரப்படுற டிங்கர்கிட்ட வண்டியை விடாதீங்க. வெட்டுறதுக்கு முன்னாடியே கதவுச் சந்துகளை அளந்து எழுதி வெச்சுக்கணும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு பண்ணி முட்டுக் கொடுக்கணும். வண்டி சாதாரணமா சக்கரத்துல நிக்கும்போது எங்கெங்கே எடை இறங்குமோ, அங்கேதான் ஸ்டாண்டு வைக்கணும். ஒரு பக்கம் முழுசா முடிச்ச பிறகுதான் அடுத்த பக்கம். முட்டு இல்லாம ரெண்டு சில்லையும் ஒரே நாள்ல வெட்டினா, பாடி கோணிக்கும். அதுக்கப்புறம் அந்தக் கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்கா மூடாது.

துரு பிடிச்ச இடத்தை மட்டும் வெட்டினா பத்தாது. பளிச்னு நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் போகணும். புதுத் துண்டுக்கு 18 அல்லது 20 கேஜ் சி.ஆர் ஷீட். வெளியே தெரியிற பேனல்ல தகட்டை மேல மேல ஏத்தி ஒட்டாம, விளிம்போட விளிம்பு சேர்த்து வெல்டு பண்ணச் சொல்லுங்க. ஏத்தி ஒட்டின இடுக்குல தண்ணி புகுந்து, துரு திரும்ப ஆரம்பிக்கும். கேஸ் வெல்டிங்கைவிட மிக் வெல்டிங்ல சூடு பரவுறது குறைவு. அதுலயும் ஒரே இழுப்பா இழுக்காம, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளின்னு வெச்சு, ஆறவிட்டுச் சேர்க்கணும். இல்லைன்னா மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்.

வெல்டிங் நாள்ல நீங்களும் கூடவே இருங்க. பேட்டரியைக் கழட்டியாச்சா, பெட்ரோல் டேங்க்கை இறக்கி தூரமா வெச்சாச்சா, சீட்டும் கூரைத் துணியும் வெளியே வந்தாச்சா, தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கா... இதையெல்லாம் பார்த்த பிறகு பொறி பறக்கட்டும். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தேய்க்கும்போது எல்லாரும் மாஸ்க் போட்டே ஆகணும்.

பட்டி ரெண்டு, மூணு மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல தேவைப்பட்டா தகடு வேலை முடியலைன்னு அர்த்தம். திரும்ப சுத்தியல் எடுக்கச் சொல்லுங்க. இணைப்புகளுக்கு சீலர், அடியில அண்டர்கோட்டிங், சில் பெட்டிக்குள்ள மெழுகு ஸ்ப்ரே. இந்த மூணும் வெளியே தெரியாத செலவுங்கிறதால பலர் விட்டுடுறாங்க. விடாதீங்க.

பேப்பர் விஷயம். சேஸி நம்பர் இருக்கிற பகுதியை வெட்டவோ, தேய்க்கவோ கூடாது. ஆர்.சி-யில உள்ள நிறத்தை மாத்தினா ஆர்.டி.ஓ-வுல பதிவு பண்ணணும். 50 வயசைத் தாண்டின காருக்கு, 2021 விதிப்படி 'வி.ஏ' எழுத்துகளோட வின்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனா, பாடியில பெரிய மாற்றம் எதுவும் செய்யாம பழைய வடிவத்துலயே இருக்கணும். அதனால வேலை நடக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நாளைக்கு நீங்க விக்கும்போது, காந்தத்தோட வர்றவருக்கும் காட்டலாம்.

வண்டியை எடுத்துட்டு வர்ற அன்னிக்குக் கதவுக்கு அடியில விரலை விட்டுப் பாருங்க. தண்ணி வடிய சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பெயின்ட்டும் சீலரும் அதை அடைச்சிருந்தா, ஒரு கம்பியால குத்தித் திறந்துட்டுக் கிளம்புங்க.