அவுரி நீலமும் சிறுநீரகமும்

1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் எங்கள் திருத்தணி. இங்கே ஒரே செடிக்கு இரண்டு பெயர் வழங்குவது இயல்பு. தமிழர் அவுரி என்பதைத் தெலுங்கர் 'நீலி செட்டு' என்பர். சித்த மருத்துவத்தில் நஞ்சு முறிக்கும் மூலிகை இது. பழைய சென்னை மாகாணத்தில் கடப்பை, நெல்லூர், தென்னார்க்காடு மாவட்டங்களில் நீலச் சாயத்துக்காகவும் பயிரிடப்பட்டது. இந்தச் சாயத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் என்ன தொடர்பு?

அவுரி இலை பச்சை நிறந்தான். அதில் 'இண்டிகான்' என்னும் நிறமற்ற பொருள் உண்டு. இலையைத் தொட்டியில் ஊறவைத்து நொதிக்க விட்டால் இண்டிகானின் சர்க்கரைப் பகுதி பிரிந்துவிடும். எஞ்சிய பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீலமாக மாறுகிறது.

மான்செஸ்டர் நகர வேதியியல் அறிஞர் எட்வர்டு ஷங்க் 1857இல் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டார். மனிதரின் சிறுநீரிலிருந்தும் இதே நீலத்தை எடுக்க முடியும் என்பதே அது. அவுரியைத் தின்னாத மனிதனுக்குள் நீலம் புகுந்தது எங்ஙனம்?

1870களில் ஜெர்மானியர் மாக்ஸ் யாஃபே விடைக்கு வழி காட்டினார். விலங்குகளின் உடலில் இண்டோல் என்னும் பொருளைச் செலுத்தியதும் சிறுநீரில் இண்டிகான் மிகுந்தது. சிறுகுடல் அடைபட்ட நோயாளிகளிடமும் அது மிகுந்து காணப்பட்டது. இன்று நாம் முழுக் கதையையும் அறிவோம். பருப்பு, முட்டை, இறைச்சி முதலியவற்றின் புரதத்தில் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை இண்டோலாக மாற்றுகின்றன. கல்லீரல் அந்த இண்டோலை இண்டாக்சில் சல்பேட்டாக மாற்றுகிறது. சிறுநீரின் 'இண்டிகான்' இதுவே. செடியில் சர்க்கரையோடும் நம் உடலில் சல்பேட்டோடும் இணைந்திருக்கிறது. பிறக்கும் நீலம் ஒன்றே.

இந்தக் கழிவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது பழுதானால்? சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தில் இண்டிகான் தேங்கியிருப்பதை 1911இல் ஓபர்மாயர், பாப்பர் என்ற இருவர் தெரிவித்தனர். 1990களில் ஜப்பானியர் நிவாவின் குழு, சிறுநீரகம் குறைபட்ட எலிகளுக்கு இண்டாக்சில் சல்பேட்டைக் கொடுத்தது. எஞ்சிய சிறுநீரகமும் விரைவாகக் கெட்டது. ஆக, சிறுநீரக நோயாளியின் உடலில் சேரும் நஞ்சுகளில் ஒரு பகுதி குடலிலே தொடங்குகிறது.

அப்படியானால் அதைக் குடலிலேயே தடுக்கலாமே! ஜப்பான் 1991இல் ஒருவகைக் கரி உருண்டைகளை மருந்தாக அனுமதித்தது. கரியின் நுண்துளைகள் பரப்புக் கவர்ச்சியால் இண்டோலைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். ஆயினும் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பல நாடுகளில் நடத்தி, 2015இல் வெளியிட்ட ஆய்வுகளில், நோயின் வேகம் குறைந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை.

மற்றொரு வழி பிசின். கருவேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பிசின், அரபு நாடுகளின் நாட்டு மருத்துவத்தில் சிறுநீரக நோய்க்கு வழங்கிவந்தது. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், புரதம் குறைந்த உணவு உண்ட 16 நோயாளிகளுக்கு நாள்தோறும் 50 கிராம் பிசின் கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் யூரியாவின் அளவு குறைந்தது. பிசின் நமக்குச் செரிப்பதில்லை, பாக்டீரியாக்களுக்கோ விருந்து. அவை பெருகும்போது யூரியாவின் நைட்ரஜனைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகின்றன. பழுதான சிறுநீரகம் இதனால் குணமாவதில்லை. அதன் சுமை மட்டும் சற்றே குறைகிறது.

இதைப் படித்துவிட்டு எந்த மூலிகையும் நல்லதே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்த செய்தி 1993இல் வெளியாயிற்று. காரணமான நஞ்சு அரிஸ்டலோகிக் அமிலம். நம் ஊர் ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே செடிப் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆடு தீண்டாது என்று பெயரே சொல்கிறதல்லவா?

யாஃபே 1886இல் கண்ட நிறமாற்றம் கிரியாட்டினின் சோதனைக்கு இன்றும் பயன்படுகிறது. எளிய இரத்தச் சோதனைதான். நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் அதைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். கஷாயம் எது குடித்தாலும் அதன் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.