யூன் மாதத்து யாழ்ப்பாணம்

வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு ஆண்டுகளைத்தான் மனனம் செய்யச் சொன்னார்கள். மாதங்களை யாரும் கேட்கவில்லை. இம்மலருக்காகப் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, யாழ்ப்பாணத்தின் தலைவிதி அடிக்கடி யூன் மாதத்திலேயே எழுதப்பட்டிருப்பதைக் கண்டோம்.

1619 யூனில் பிலிப்பே டி ஒலிவேராவின் படையிடம் சங்கிலி குமாரன் தோற்க, நல்லூர் அரசு முடிவுக்கு வந்தது. 1658 யூனில் அதே போர்த்துக்கேயர், மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டிருந்த ஒல்லாந்தரிடம் கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறினர். இவை எல்லோரும் படித்தவைதாம்.

பெண்களாகிய நாம் கூடுதலாக நினைவில் வைக்கவேண்டியது 1931 யூன். டொனமூர் ஆணைக்குழுவின் பயனாக, 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாரும் அரசாங்க சபைக்கு முதன்முதலாக வாக்களித்த மாதம் அது. இது தானாக வந்த வரமன்று. 1927 இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஆணைக்குழுவின் முன் சென்று கேட்டுப் பெற்றது. மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே பெண் வாக்குரிமையை எதிர்த்தார் என்பது இன்றும் எங்களுக்கு வியப்புத்தான்.

ஆனால் அந்த யூனில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் வாக்களிக்கவில்லை. டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென்று வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் போட்டியிடவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. அவ்விளைஞர்களின் நேர்மையை நாங்கள் சந்தேகிக்கவில்லை. எனினும், கைக்கு வந்த வாக்கை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று எங்கள் பாட்டிமாரை யாராவது கேட்டிருப்பார்களா? இதற்கிடையில் 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அச்சபைக்குத் தெரிவாகிவிட்டார்.

1956 யூன் 5 இல் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டனர்.

பிறகு 1981. சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாவது ஆண்டை நாடு கொண்டாடிய வருடம். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. மே 31 இரவு பொலிசாரும் கூட வந்த கும்பலும் வைத்த தீயில், யூன் 1 விடிவதற்குள் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் தப்பவில்லை. எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். பாடசாலை விட்டதும் வெள்ளைச் சீருடையோடு அங்கே போய்க் குறிப்பெடுத்த தலைமுறை எங்களுடையது. அப்புத்தகங்கள் சிலவற்றின் அட்டை நிறம் இன்றும் ஞாபகம், பெயர் மறந்துவிட்டது.

கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. ஒரே பிரதியாக இருந்தவை திரும்பவில்லை. 2005 முதல் நூலகம் நிறுவனம் எங்கள் ஏடுகளை மின்வடிவில் சேமித்து வருகிறது; உலகின் எம்மூலையிலிருந்தும் வாசிக்கலாம். எங்கள் பாடசாலைச் சஞ்சிகையின் பழைய இதழ்களும் அங்கே சேரவேண்டும். இடப்பெயர்வுகளில் எங்கள் பிரதிகள் பல தொலைந்தன. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ உங்கள் அம்மாவின் பெட்டிக்குள் ஓர் இதழ் கிடக்கக்கூடும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, சங்கத்துக்கு அறிவியுங்கள்.