தானாக எதையும் முடிவு செய்யாத கருவி

இன்சுலின் பம்பின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் அளவில்தான் தொடங்குவார்கள். முதுகில் சுமக்க வேண்டியிருந்த இயந்திரம் இடுப்பில் செருகும் அளவுக்குச் சிறுத்தது, பிறகு தோலில் ஒட்டிக்கொள்ளும் வில்லையானது என்று கதை போகும். சிறுத்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் பார்த்தால் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் கண்ணில் படாது. 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்னால்டு காடிஷ் என்ற மருத்துவர் செய்த அந்த முதுகுச்சுமைக் கருவி வெறும் பம்ப் அல்ல. ரத்தத்தில் சர்க்கரையை அளந்து, கூடினால் இன்சுலினையும் குறைந்தால் குளுக்ககானையும் தானே ரத்தக்குழாயில் செலுத்த முயன்ற இயந்திரம் அது. 1970-களில் டொராண்டோவிலும் ஜெர்மனியின் உல்ம் நகரிலும் உருவான செயற்கைக் கணையங்களும் இதே வேலையைப் படுக்கையோரத்தில் நின்று செய்தன. ஆக, தானே அளந்து தானே முடிவெடுக்கும் இயந்திரம்தான் முதலில் வந்தது. ஆனால் அந்த இயந்திரத்தால் நோயாளியின் அன்றாட வாழ்வுக்குள் நுழைய முடியவில்லை. நுழைந்தது, எதையும் அளக்காத, எதையும் முடிவு செய்யாத ஒரு சின்னப் பம்ப். முடிவெடுக்கும் பொறுப்பும் அதற்கான கணக்கும் நோயாளியின் கைக்கு வந்ததுதான் அந்தப் பம்பை வெல்ல வைத்தது. கணக்கு வந்து சேராத இடங்களில் அது தடுமாறியது.

இதைப் புரிந்துகொள்ள, பம்புக்கு முந்தைய காலத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் தேடியது, ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியை. 1936-இல் டென்மார்க்கின் ஹாகடோர்ன் புரோட்டமின் சேர்த்து உருவாக்கிய இன்சுலின் மெதுவாகக் கரைந்தது; ஊசிகள் குறைந்தன. ஆனால் நோயாளி ஊசியின் கடிகாரத்துக்கு அடிமையானார். காலையில் போட்ட மருந்து மதியம் உச்சத்துக்கு வரும்போது பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிட்டே ஆக வேண்டும். நல்ல கணையம் அப்படி வேலை செய்வதில்லை. நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் கசிவது ஒரு வேலை, சாப்பாட்டுக்கு மொத்தமாகச் சுரப்பது இன்னொரு வேலை. அந்தக் கசிவு எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று புழங்கும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். பம்ப் அணிந்த ஒருவருக்கு மணிக்கு 0.8 யூனிட் போகிறது என்று வைத்துக்கொண்டால், அது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. சாதாரணமாக ஒரு சொட்டு என்கிறோமே, அந்த ஒரே சொட்டு ஆறு மணி நேரத்துக்குக் காணும். இதை ஊசியால் செய்ய வழியே இல்லை.

லண்டனில் கைஸ் மருத்துவமனையின் ஹாரி கீன், ஜான் பிக்கப், மில் ஹில்லில் இருந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஜான் பார்சன்ஸ் ஆகியோர் பிடித்துக்கொண்டது இந்த இரட்டை வேலையைத்தான். பேட்டரியில் ஓடும் சிறு சிரிஞ்சுப் பம்ப், அதிலிருந்து வயிற்றுத் தோலுக்கடியில் போகும் மெல்லிய குழாய், இரண்டே இரண்டு வேகங்கள்: அடிப்படைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன் பொத்தானை அழுத்துவது அணிந்தவரின் வேலை. இந்த ஆய்வு 1978-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மறு ஆண்டே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் டாம்பர்லேன் குழுவும் இதே வகையில் சர்க்கரையைச் சீராக்கிக் காட்டியது. அதே 1978-இல், நோயாளிகள் வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பது சாத்தியம் என்று காட்டிய பிரிட்டிஷ் ஆய்வுகள் லான்செட்டில் வந்தன. இவை இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை நான் பெரிதாக எண்ணுகிறேன். அதற்கு முன் சர்க்கரையை அளப்பது மருத்துவர்களின் தனி உரிமை. 1969-இல் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு, தன் ரத்தத்தைத் தானே சோதிக்கும் மீட்டர் கிடைக்காமல், மருத்துவரான மனைவியின் பெயரில் வாங்க வேண்டியிருந்தது. அளவு தெரியாதவர் கையில் பொத்தானைக் கொடுத்து என்ன பயன்?

அளவும் பயிற்சியும் இல்லாமல் பம்பை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 1980-களின் தொடக்கம் காட்டியது. பம்பில் இருப்பது சீக்கிரம் கரையும் இன்சுலின் மட்டுமே. பின்னணியில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. குழாய் மடங்கினாலோ, ஊசிமுனை நழுவினாலோ, சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவில் பம்ப் அணிந்தவர்களிடையே மரணங்கள் பதிவானபோது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே விசாரிக்க வேண்டி வந்தது. நீரிழிவு உள்ளவர்களிடையே எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட இறப்புகள் கூடவில்லை என்றே தெரிந்தது. இருந்தும் ஆரம்ப உற்சாகம் அடங்கியது. கருவியின் கோளாறு என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் குழாய் மடங்குவதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அணிந்தவரின் மீட்டர். காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் குழாயை மாற்று, தனியாக ஊசி போடு, கீட்டோன் பார் என்ற பாடம் அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

‘பம்புக்கு நற்சான்று தந்ததே பெரிய ஆய்வுதானே’ என்று கேட்கலாம். 1983 முதல் 1993 வரை 1,441 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்த டிசிசிடி ஆய்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தவர்களில், கண் பாதிப்பு இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆபத்து 76 விழுக்காடு குறைந்தது. நரம்பு பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது. ஆனால் அந்தக் கண்டிப்பான பிரிவில் பம்ப் அணிந்தவர்களோடு, தினம் மூன்று நான்கு ஊசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அடிக்கடி அளந்து, அளவை மாற்றி, மருத்துவக் குழுவோடு இடைவிடாமல் பேசியதுதான் அவர்களுக்குப் பொது. அங்கேயும் விலை கொடுக்க வேண்டியிருந்தது: கடுமையான தாழ்சர்க்கரை மயக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. பிரிட்டனில் 2017-இல் வெளியான ரீபோஸ் ஆய்வு இன்னும் நேராகக் கேட்டது. முதல் வகை நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு, மாவுச்சத்தை எண்ணி இன்சுலின் அளவைத் தாங்களே கணிக்கும் டாஃப்னே பயிற்சியை எல்லோருக்கும் தந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பம்ப், மீதிப் பேருக்கு ஊசி. இரு தரப்புமே முன்னேறியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் இரு தரப்புக்கும் இருந்த வித்தியாசம் 0.24 விழுக்காட்டுப் புள்ளிதான். புள்ளியியல் கணக்கில் அது பொருட்படுத்தத் தக்கதும் அல்ல.

அப்படியானால் பம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி பெற்றும், ஊசியைச் சரியாகப் போட்டும், விடியற்காலையில் தானாக ஏறும் சர்க்கரையை அடக்க முடியாதவர்கள் உண்டு. இரவில் எச்சரிக்கையே இல்லாமல் சர்க்கரை இறங்கி மயங்குபவர்கள் உண்டு. மணிக்கு மணி அளவை மாற்றும் கருவி இவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, தேவை. எந்தச் சிகிச்சை யாருக்கு என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல் பெரியவர்களுக்கு வகுத்த வரையறை ஏறத்தாழ இதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. இன்றைய பம்புகள் தோலடியில் உள்ள சென்சாரின் அளவைப் பார்த்துத் தாமாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கின்றன; 2016-இல் அமெரிக்கா அனுமதித்த மெட்ட்ரானிக் 670ஜி இந்த வகையில் முதலாவது. காடிஷின் கனவுதானே ஜெயித்தது, நோயாளியின் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கருவிகளின் பெயரிலேயே ‘கலப்பு’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று பார்த்தால் விடை கிடைக்கும். தட்டில் எத்தனை இட்லி, சோறு எவ்வளவு என்பதை இயந்திரம் அறியாது. சாப்பிடுபவர்தான் மாவுச்சத்தை எண்ணிச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் டானா லூயிஸ் என்ற நோயாளியும் அவருடைய துணைவர் ஸ்காட் லெய்பிராண்டும் சேர்ந்து, நிறுவனங்கள் தரட்டும் என்று காத்திராமல், தாங்களே எழுதிய தானியங்கி முறையை 2015-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். தன் உடம்பை வருடக்கணக்கில் அளந்து கணக்கிட்ட பழக்கம்தான் அங்கே நிரலாக மாறியது. அந்தக் கணக்கு இயந்திரத்துக்குள் போயிருக்கிறது, ஒழிந்துபோகவில்லை.

பம்புக்கு லட்சங்களில் விலை சொல்லப்படும் நம் நாட்டில் இந்த வரலாற்றுக்குத் தனிப் பொருள் உண்டு. கடன் வாங்கியாவது பம்ப் வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள், விலையைக் கேட்கும் முன் பயிற்சியைக் கேட்க வேண்டும்: யார் கற்பிப்பார்கள், எத்தனை நாள், நடுராத்திரியில் குழாய் அடைத்தால் யாரை அழைப்பது. 2023 டிசம்பரில் தானியங்கிப் பம்பை இங்கிலாந்தில் பரவலாகத் தர நைஸ் பரிந்துரைத்தபோது, முறையான பயிற்சி அளிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் அணிபவர் இன்சுலின் அளவைக் கணித்து மாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகவே எழுதி வைத்தது.