எண்களே இசையாகும்போது

சுரமானியின் கம்பியை மீட்டுகிறோம். கம்பி அதிர, காற்றின் அழுத்தம் கூடியும் குறைந்தும் நம் செவிப்பறையை எட்டுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை அடிக்கடி அளந்தால் ஒலி எண்களின் வரிசையாகிவிடும். குறுந்தகட்டில் ஒவ்வொரு தடத்துக்கும் வினாடிக்கு 44,100 எண்கள் பதிவாகியிருப்பது இப்படித்தான். அப்படியானால், கம்பியே இல்லாமல் எண்களை மட்டும் கணக்கிட்டு எழுதினால் என்ன? ஒலிபெருக்கிக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை!

இதைச் செய்து காட்டியவர் மாக்ஸ் மாத்யூஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர். 1957இல் அவர் எழுதிய ‘மியூசிக்’ என்ற நிரல் 17 வினாடி இசை ஒன்றைத் தந்தது. நிரல் ஓடிய ஐ.பி.எம். 704 கணிப்பொறி இருந்தது நியூயார்க் நகரில். எண்களை ஒலியாக்கும் கருவியோ நியூஜெர்சியில். எண்களைக் காந்த நாடாவில் பதித்து, எடுத்துச் சென்றுதான் கேட்க முடிந்தது. ஒரே குரல், முக்கோண அலை. இனிமையை அதில் தேட வேண்டாம்.

அடுத்த சில ஆண்டுகளில் மாத்யூஸ் ஓர் அருமையான வழியைக் கண்டார். அலையியற்றி, கூட்டி, வடிப்பான் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு நிரல்துண்டு. ஆய்வுக்கூடத்தில் மின்கலத்தையும் தடையையும் கம்பியால் இணைப்பது போல இத்துண்டுகளை இணைத்து, வேண்டிய வாத்தியத்தை நாமே கட்டிக்கொள்ளலாம். இன்றைய இசை நிரல்கள் பலவற்றுக்கு அடித்தளம் இதுவே.

நிரலை அவர் பூட்டி வைக்கவில்லை, பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார். ஸ்டான்ஃபோர்டில் இசை பயின்ற ஜான் சௌனிங் 1964இல் அதைத் துளையட்டைகளாகவே பெற்றுச் சென்றார். ஆனால் இடைஞ்சல் ஒன்று இருந்தது. அக்கால நிரல்கள் குறிப்பிட்ட ஒரு கணிப்பொறியின் மொழியில் எழுதப்பட்டவை. அந்தப் பொறி ஓய்வு பெற்றால் நிரலும் அதோடு போயிற்று. மாத்யூஸ் ‘மியூசிக் 5’ நிரலை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். நியூசிலாந்தில் பிறந்த பாரி வெர்கோ, வேகத்துக்காக மீண்டும் பொறிமொழிக்கே போனார்: ஐ.பி.எம். 360க்கு ஒரு நிரல், பி.டி.பி. 11க்கு வேறொன்று. பொறி மாறும்போதெல்லாம் புதிதாக எழுதுவது எவ்வளவு பெரிய வேலை!

கடைசியில் 1986இல், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எந்தப் பொறிக்கும் பெயர்க்கத்தக்க சி மொழியில் அதை எழுதினார். அதுவே ‘சிசவுண்ட்’. வாத்தியத்தின் அமைப்பு ஒரு கோப்பில். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்பது இன்னொன்றில். மூலநிரலும் எல்லோருக்கும் கிடைத்தது.

எனினும் ஒரு நிபந்தனை. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தகைய வேலியோடு இருக்கும் வரை அது முழுமையான கட்டற்ற மென்பொருள் ஆகாது. 2003இல் எல்.ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வந்த பிறகே, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளில், ஏழை நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளுக்கென உருவான மலிவு விலை மடிக்கணினியின் இசைப்பயிற்சி நிரலுக்குள் சிசவுண்ட்தான் ஒலி எழுப்பியது.

எங்கள் கல்லூரியில் விம்மல் பாடத்துக்கு ஒத்த இசைக்கவைகள் கிடைப்பது அரிது. ஆகவே சிசவுண்டில் இரண்டு அலையியற்றிகளை வைத்து, ஒன்றுக்கு 240, மற்றதற்கு 243 என்று அதிர்வெண் கொடுத்தேன். வினாடிக்கு மூன்று விம்மல்கள் தெளிவாகக் கேட்டன. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, 243ஐ அழித்து 241 என்று எழுதினான். வகுப்பு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணியது: வினாடிக்கு ஒன்றே ஒன்று.