எரிவாயு திரவமாக்கலில் உறைவடைப்பு

இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும்போது அதில் கலந்துள்ள நீர், கரியமில வாயு, பென்சீன் போன்றவை திடமாக உறைந்து குழாய்களையும் வெப்பப் பரிமாற்றிகளையும் அடைத்துக்கொள்வதே உறைவடைப்பு. எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன், இயல்பான அழுத்தத்தில் சுமார் −162 டிகிரி செல்சியசில் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கும். அந்தக் குளிரை எட்டுவதற்கு வெகு முன்பே கலப்புப் பொருள்கள் உறையத் தொடங்கிவிடும்; பென்சீன் தூய நிலையில் 5.5 டிகிரியிலேயே உறையும்.

வரலாறு

குளோரின் வாயு நீருடன் சேர்ந்து பனிக்கட்டி போன்ற படிகமாவதை 1811-இல் ஹம்ப்ரி டேவி அறிவித்தார். 1823-இல் மைக்கேல் ஃபாரடே அதன் இயைபை ஆராய்ந்தார். மீத்தேனும் இத்தகைய படிகம் தரும் என்பதை 1888-இல் பிரான்சின் வில்லார் கண்டார். இவை ‘வாயு ஹைட்ரேட்’ எனப் பெயர் பெற்றன. நூறாண்டுக்கும் மேலாக ஆய்வுக்கூடப் பொருளாக இருந்த இப்படிகம்தான் எரிவாயுக் குழாய்களை அடைக்கிறது என்று 1934-இல் அமெரிக்கரான ஹாமர்ஷ்மிட் எழுதினார். அழுத்தம் மிகுந்தால் 0 டிகிரிக்கு மேலேயே ஹைட்ரேட் உருவாகும். ஆகவே நீரை நீக்குவது எரிவாயுத் தொழிலின் முதல் கடமைகளில் ஒன்றானது.

கரியமில வாயுவை அமீன் கரைசலில் உறிஞ்சி நீக்கும் முறைக்கு 1930-இல் பாட்டம்ஸ் காப்புரிமை பெற்றார். 1950-களில் யூனியன் கார்பைடு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மூலக்கூற்றுச் சல்லடைகள், நீரைத் துளியும் விடாமல் பிடித்துவைக்கும் வழியைத் தந்தன. 1964-இல் அல்ஜீரியாவின் அர்சூவிலிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதி தொடங்கியது. அதே நாட்டின் ஸ்கிக்டா ஆலையில் 1973-இல் பாதரசம் அலுமினிய வெப்பப் பரிமாற்றியை அரித்துச் சிதைத்தது. அடைப்பை உண்டாக்காத அணுவளவு அசுத்தமும் ஆலையை நிறுத்திவிடும் என்று அது காட்டியது. அதன் பின்னர், கந்தகம் ஏற்றிய கரிப்படுகையில் பாதரசத்தைப் பிடிப்பது வழக்கமாயிற்று.

தடுப்பு

இன்றைய ஆலைகளில் எரிவாயு குளிர்ப்பகுதிக்குள் நுழையுமுன் கரியமில வாயு பத்து லட்சத்தில் 50 பங்குக்கும், நீர் 1 பங்குக்கும் கீழே குறைக்கப்படுகின்றன. பென்சீனும் கன ஹைட்ரோகார்பன்களும் வாலைக் கோபுரத்தில் பிரிக்கப்படுகின்றன. நீரால் நிறைந்த சல்லடைப் படுகையைச் சூடான உலர்வாயுவால் காயவைத்து மீண்டும் பயன்படுத்துவர். அதுவரை இன்னொரு படுகை வேலை செய்யும்.

நீக்கல்

வெப்பப் பரிமாற்றியின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடிக்கொண்டே போவது அடைப்பின் அடையாளம். அப்போது உற்பத்தியைக் குறைத்தோ நிறுத்தியோ, வெதுவெதுப்பான உலர்வாயுவை மெல்லச் செலுத்தி உறைவைக் கரைப்பர். வெப்பநிலையைச் சட்டென உயர்த்தினால் உலோகம் விரிசல்விடும்.

குழாயில் ஹைட்ரேட் கட்டி நின்றால் மெத்தனால் செலுத்துவர். அல்லது இரு பக்கமும் ஒரே சீராக அழுத்தத்தைத் தணிப்பர். ஒரு பக்கம் மட்டும் தணித்தால் கட்டி துப்பாக்கிக் குண்டுபோலப் பாய்ந்து குழாயையே உடைத்துக்கொண்டு வெளிவரும். நடுவில் சூடேற்றுவதும் ஆபத்து: ஒரு பங்கு மீத்தேன் ஹைட்ரேட் உருகினால் ஏறத்தாழ 160 பங்கு வாயு வெளிவரும், அதற்குப் போக்கிடம் இல்லையெனில் குழாய் வெடிக்கும். இத்தொழிலில் அடைப்பை நீக்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. குளிரூட்டுமுன் எரிவாயுவைத் தூய்மைப்படுத்துவதே உண்மையான பாதுகாப்பு.