வைத்தியசாலையும் தண்ணீரும்: வரலாறு தரும் சில செய்திகள்

 

வைத்தியசாலைகளின் வரலாறு என்றதும் நம்மவர் மருத்துவ மேதை அர்ராஸியின் கதையொன்றைக் கூறுவதுண்டு. பக்தாத் நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது தாமதமாகக் கெட்டதோ அவ்விடத்தையே அல்அழுதி வைத்தியசாலைக்கு அவர் தெரிவு செய்தாராம். கேட்க இனிமையானதுதான். ஆனால் அர்ராஸி 925ஆம் ஆண்டளவில் மறைந்தார். அவ்வைத்தியசாலையோ 982இல் திறக்கப்பட்டது. வைத்தியர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆவே இந்தப் பொருத்தமின்மையைக் கவனித்திருக்கிறார். உறுதியான செய்திகள் ஏராளமாக இருக்கையில் ஐயத்துக்குரியதைப் பற்றிக்கொள்வானேன்?

நீர்நிலைகளிலும் மக்கள் நடமாடும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கடிந்து தடுத்தார்கள். தஹாரத்தைப் பற்றிய பாடத்திலிருந்தே பிக்ஹு நூல்கள் தொடங்குகின்றன. அப்படிப்பட்ட சமூகம் நோயாளரின் இல்லங்களை எவ்வாறு நடத்தியது?

கலீபா அல்முக்ததிரின் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, நோய்கள் மலிந்த ஓராண்டில் தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு எழுதினார். சிறைகளுக்கு நாள்தோறும் வைத்தியர்கள் செல்ல வேண்டும். வைத்தியரே இல்லாத ஸவாத் கிராமங்களுக்கு மருந்துகளோடு ஒரு குழு சுற்றிவர வேண்டும் என்பது அவரது கட்டளை. இன்று ஆரம்ப சுகாதார சேவை என்கிறோமே, அதன் சாயலை இங்கே காணலாம். 931இல், வைத்தியர் ஒருவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்த செய்தி கலீபாவை எட்டியது. அதன்பின் ஸினானின் பரீட்சையில் தேறாதவர் பக்தாதில் வைத்தியம் செய்யத் தடை விதிக்கப்பட்டது.

1184இல் பக்தாத் சென்ற பயணி இப்னு ஜுபைர், திஜ்லா நதிக்கரையில் அமைந்த வைத்தியசாலையைக் கண்டார். திங்கள், வியாழன் தோறும் வைத்தியர்கள் வந்து நோயாளரைப் பார்வையிட்டனர்; திஜ்லாவின் நீர் அதனுள்ளே வந்துகொண்டிருந்தது. வந்துபோகும் ஒரு பயணி தண்ணீர் வரும் வழியைக் கவனித்து எழுதியிருக்கிறாரே, அதுவே எனக்கு வியப்பளிக்கிறது. ஒரு நூற்றாண்டின் பின் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரி வைத்தியசாலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. மண்டபங்களில் நீரூற்றுகள் ஓடின. அத்தனைக்கும் செலவிட்டது வக்பு வருமானமே. நகர்களில் முஹ்தஸிப் எனும் அதிகாரி குளியலறைகளையும் தண்ணீர் சுமப்போரையும் வைத்தியர்களையும் கண்காணித்தார்.

இவற்றைக் கொண்டு, கிருமிகளை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது நேர்மையன்று. கழுவாத கையின் கொடுமையை எண்களால் காட்டியவர் வியன்னாவின் ஸெம்மல்வைஸ். 1847 ஏப்ரலில் அவரது பிரசவப் பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் அளவில் இறந்தனர். மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவத் தொடங்கிய சில வாரங்களில் அது இரண்டளவுக்கு இறங்கியது.

அந்தக் கணக்கெடுப்பு இன்று உலகளவில் நடைபெறுகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2019இல் வெளியிட்ட முதலாவது மதிப்பீட்டின்படி, 2016இல் உலகின் சுகாதார நிலையங்களுள் நான்கில் ஒன்றில் அடிப்படை நீர் வசதி இருக்கவில்லை. ஐந்தில் ஒன்றில் முறையான மலசலகூட வசதியே இல்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். நீர், வளவுக்குள்ளேயே பாதுகாப்பான மூலத்திலிருந்து கிடைக்கிறதா? நோயாளியைப் பார்க்கும் இடத்திலும், மலசலகூடத்திலிருந்து ஐந்து மீற்றருக்குள்ளும் கைகழுவ வசதி உண்டா? பெண்களுக்கும் ஊழியருக்கும் நடமாட இயலாதோருக்கும் உரிய மலசலகூடங்கள் உள்ளனவா?

பெற்றோர்களே, குழந்தைக்குத் தடுப்பூசி போட அடுத்தமுறை கிளினிக் செல்லும்போது, இக்கேள்விகளோடு சுற்றிலும் பாருங்கள். குழாய் இருக்கும், திறந்தால் நீர் வருகிறதா, பக்கத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்பதே விடயம். குறை கண்டால் பொறுப்பானவரிடம் பண்போடு எடுத்துச் சொல்லுங்கள். இளைஞர்களே, பள்ளிவாசலின் வுழூத் தடாகத்துக்கு ஓடுகள் பதிக்க நிதி திரட்டுவோர் நம்மிடையே பலர்; ஊர் மருந்தகத்துக்கு ஒரு நீர்த்தாங்கியை வக்பு செய்ய முன்வருவோர் அரிது. அனுமதி பெற வேண்டிய அதிகாரி யார், பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் யார் தருவார் என்பதையும் தாங்கி வாங்குமுன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கலாவூன் கட்டடத்தை மட்டும் கொடுக்கவில்லை. அதை நடத்துவதற்கான வருமானத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார். அவ்விடத்தில் 20ஆம் நூற்றாண்டிலும் ஒரு கண் வைத்தியசாலை எழுந்தது.