குகைக்கு எது நிறம்?

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு மலைமேல் இருக்கும் விருபாட்சி குகைக்கும் போவது வழக்கம். ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை தங்கியிருந்த இடம் அது. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் ஒரே இருட்டு. கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் விளக்கின் சுடரும், எதிரில் இருப்பவரின் முகமும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். வாசலில் பளிச்சென்று தெரிந்த கருநீலப் புடவை, எண்ணெய் விளக்கின் பக்கத்தில் கறுப்பாகத் தெரியும். சிவப்புக் கரையோ நெருப்பு மாதிரி நிற்கும். புடவை அதே புடவைதான். மாறியது வெளிச்சம்.

புடவை என்றால் வெளியே எடுத்து வந்து வெயிலில் பார்த்துக்கொள்ளலாம். குகைச் சுவரில் தீட்டிய ஓவியத்தை அப்படி எடுத்து வர முடியாதே! அதன் உண்மையான நிறம் எது? வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விளக்கு பதில் சொல்லியிருக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன்பு குகைக்குள் இரண்டே வெளிச்சம்தான். ஒன்று வாசல் வழியாக வரும் பகல். இன்னொன்று எண்ணெயோ நெய்யோ ஊற்றி எரிக்கும் விளக்கு. பகல் வெளிச்சத்துக்குச் செலவில்லை. விளக்குக்குச் செலவு உண்டு, அதுவும் சாதாரணச் செலவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, போளூர் அருகே திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. பாறைக்கு அடியில் இருந்த குகையைச் சுவர் எழுப்பி அறைகளாக்கி, அவற்றில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். சமவசரணம் எனப்படும் தீர்த்தங்கரரின் சபையை வட்ட வடிவில் வரைந்த ஓவியம் அங்கே புகழ்பெற்றது. ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டைச் (ஏறத்தாழ 1025) சேர்ந்த கல்வெட்டு ஒன்றும் இந்த மலையில் உள்ளது. கங்கை வரை சென்ற படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்திக்காக வரலாற்று ஆசிரியர்கள் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்ட காரணம் வேறு. நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, மலைமேல் உள்ள குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கு எரிக்கவும் படையலுக்கும் கொடுத்த கொடையைப் பதிவு செய்யத்தான் அது எழுந்தது. பேரரசனின் வெற்றிப் பட்டியல் முழுவதும் ஒரு விளக்குக் கணக்குக்கு முன்னுரை!

ஒரு விளக்கு அணையாமல் எரிய எவ்வளவு ஆகும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்கு விடை தருகின்றன. ஒரு திருநந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். கிழடும் செத்ததும் போனால் குட்டிகளை வைத்து ஈடுகட்ட வேண்டும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதாவது முதல் அப்படியே நிற்க, வட்டியில் விளக்கு எரிகிறது. இன்றைய வங்கி வைப்பு நிதியும் இதே கணக்குதான். வெளிச்சம் அவ்வளவு விலை உயர்ந்த பொருளாக இருந்தது.

இவ்வளவு செலவு செய்து எரித்த அந்தச் சுடர் எதைக் காட்டியது? நண்பகல் வெயிலின் நிறவெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். எண்ணெய் விளக்கின் சுடர் 1,900 கெல்வின் அளவில்தான் இருக்கும். அதன் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் நிறைய, நீலம் மிகக் குறைவு. ஒரு பொருள் நீலமாகத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் நீல ஒளி விழ வேண்டும். விழாவிட்டால் திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை. அதனால் சுடரின் முன் செங்காவியும் மஞ்சள் காவியும் உயிர் பெற்று எழும். நீலம் கரியாகும்.

விளக்கு இன்னும் மங்கினால் கதை தலைகீழ். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1825-இல் எழுதிய நூலில் இதை விளக்கினார். மிக மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் இருண்டு போகும், நீலமும் பச்சையும் ஒப்பளவில் வெளிறித் தெரியும். ஆக, விளக்கடியில் ஒரு நிறம், பத்தடி தள்ளி இருட்டில் இன்னொரு நிறம். ஒரே சுவர்தான்!

புதுக்கோட்டை மாவட்டச் சித்தன்னவாசலில் இதை நினைத்துப் பார்க்கலாம். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கூரையில் தாமரைக் குளம், மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். குளம் முழுவதும் பச்சை இலை. முன் மண்டபத்தில் பகல் வெளிச்சம் படும்போது அந்தப் பச்சை பச்சையாகவே இருக்கும். மஞ்சள் சுடரின் கீழ் பழுப்பு தட்டும். குளம் பசுமையாக இருப்பதும் வாடி இருப்பதும் பார்ப்பவர் வந்த நேரத்தையும் பொறுத்தது.

அஜந்தாவில் இதுவே பெரிய சிக்கலாக ஆனது. 1819-இல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கில அதிகாரி அந்தக் குகைகளைக் கண்ட பிறகு உலகம் அவற்றைப் பிரதிகள் மூலமாகவே அறிந்தது. ராபர்ட் கில் 1844 முதல் பல ஆண்டுகள் பிரதி எடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயின. அடுத்து வந்த ஜான் கிரிஃபித்ஸ், நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சுவர் ஓவியத்தின்மேல் வார்னிஷ் பூசினார். அவர் குழு எடுத்த பிரதிகளில் பலவும் 1885-இல் லண்டனில் தீக்கிரையாயின. 1920-களின் தொடக்கத்தில் இத்தாலிய நிபுணர்கள் பூசிய அரக்குப் பூச்சும் நாளடைவில் மஞ்சளானது. மஞ்சள் பூச்சு என்பது ஓவியத்தின்மேல் நிரந்தரமாக மாட்டிய மஞ்சள் கண்ணாடி. பகலிலேயே பார்த்தாலும் விளக்கில் பார்ப்பது போல. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி நீலம் அதன் கீழ் பச்சையாகிவிடும். 1991-இல் பெனாய் பெஹல் பளிச்சென்ற விளக்குகள் இல்லாமல், மங்கிய வெளிச்சத்திலேயே நீண்ட நேரம் பதிவு செய்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்தபோது பலருக்கும் இது புது அஜந்தாவாகத் தெரிந்தது.

மின் விளக்கு வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஆந்திராவின் போரா குகையில் சோடியம், மெர்க்குரி, ஹாலஜன் விளக்குகளைப் பொருத்தினார்கள். மஞ்சளும் பச்சையுமாக ஜொலிக்கும் சுண்ணாம்புத் தூண்களைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அது பாறையின் நிறம் என்றே நினைக்கலாம். உண்மையில் அது பல்பின் நிறம். குறைந்த அழுத்த சோடியம் விளக்கில் ஒரே ஒரு மஞ்சள்தான் உண்டு. அதன் கீழ் சிவப்பும் நீலமும் சாம்பலாகத்தான் தெரியும். இன்றைய மலிவான வெள்ளை எல்.இ.டி.யிலோ ஆழ்ந்த சிவப்பு குறைவு. சுடர் நீலத்தைக் கொன்றது, இது செங்காவியைச் சோர வைக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பிரான்சின் லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆட்களின் மூச்சுக்காற்றும் சூடும் ஈரமும் சேர, விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பாசி ஓவியங்களில் படர்ந்தது. 1963-இல் மூடிவிட்டார்கள். அங்கே விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டியதோடு நிற்கவில்லை, புது நிறத்தையே வளர்த்துவிட்டது.

சரி, எந்த வெளிச்சம்தான் சரி? பகல் வெளிச்சம் எல்லா நிறத்தையும் காட்டும், உண்மை. ஆனால் திருமலையின் உள்ளறைக்குள் சோழர் காலத்தில் கும்பிட வந்தவர் கண்டது நெய் விளக்கில் தெரிந்ததைத்தான். நிறத்தை ஆராய்பவருக்குப் பகல் வேண்டும், பழங்காலத்தவர் என்ன பார்த்தார்கள் என்று அறிய விரும்புபவருக்குச் சுடர் வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்வி. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்லும்போதுதான் தவறு வருகிறது. பழுதுபார்ப்பவர் ஒரு விளக்கின் கீழ் பார்த்துக் கலந்த வண்ணம், அங்கே பழைய வண்ணத்தோடு பொருந்தும். வேறு விளக்கின் கீழ் திட்டுத் திட்டாகத் தனித்துத் தெரியும். அதற்குள் சுவரில் பூசியாகிவிட்டிருக்கும்.

சாமுண்டப்பை கொடுத்த விளக்கைக் கல்லில் எழுதி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் யார் விளக்கு, எந்தக் கோயிலுக்கு என்று தெரிகிறது. குகை ஓவியப் படங்களை இன்று அச்சிடுகிறவர்கள் இடத்தையும் நூற்றாண்டையும் கீழே போடுகிறார்கள். எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்று மட்டும் போடுவதில்லை. அந்த ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், பார்க்கிறவருக்கு எதை நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.